கொடிக்கம்பத்தடிக் கடிதங்கள்

நவம்பர் 2, வியாழன்

வேலையில் சேர்ந்தேன். பதவியின் பெயர் நடத்தை வழிகாட்டி. முன்னாள் மாணவர் சங்கம் சம்பளம் கொடுக்கிறது, ஓராண்டு ஒப்பந்தம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் தொழிலாளர் சண்டையைத் தீர்த்து வைத்தவனுக்குப் பிள்ளைகள் சண்டை எம்மாத்திரம் என்று சங்கத்தில் யாரோ சொன்னார்களாம். இதே பள்ளியில் படித்தபோது என் நடத்தை எந்த லட்சணத்தில் இருந்தது என்று அந்த யாரோவுக்குத் தெரியாது போலிருக்கிறது.

காலையில் உப்புமாவைத் தட்டில் வைத்துக்கொண்டே ராஜி ஆரம்பித்தாள்.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நடத்தை சொல்லிக் குடுக்கப் போறீகளாக்கும். தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை போயி பட்டாவுல பேர மாத்த ரெண்டு வருசமா நேரமில்ல."

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டு மனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு தடவை போனேன். கூட்டமாக இருந்தது, திரும்பிவிட்டேன்.

எனக்குக் கொடுத்த அறை பழைய விளையாட்டுச் சாமான் அறை. கதவைத் திறந்ததும் ஹாக்கி மட்டைக்குப் பூசும் எண்ணெய் வாசனை. முப்பது வருடம் ஆகியும் சுவரை விட்டுப் போகவில்லை. கோல் கீப்பராக நான் கட்டிய கால் பட்டைகளை இந்த மூலையில்தான் சாத்தி வைப்பேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். மூலையில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது, சாவியைக் காணவில்லையாம்.

மதுரையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோது, தினமும் நாலு வரி எழுதுங்கள், மறைக்காமல் எழுதுங்கள் என்றார்கள். எழுதியாயிற்று.

தாலுகா ஆபீஸ் ரோடு வழியாகப் போனால் பள்ளிக்கு ஏழு நிமிடம். மார்க்கெட்டைச் சுற்றிப் போனால் இருபது. மார்க்கெட் வழியாகப் போனேன். அந்த ரோட்டில் எப்போதும் நெரிசல்.

நவம்பர் 3, வெள்ளி

பிள்ளைகள் எனக்கு "நடத்தை சார்" என்று பெயர் வைத்தாயிற்று. ஒரே நாளில்.

இன்று மூன்று வழக்கு வந்தது, மூன்றும் இந்த வாரம் வெவ்வேறு நாளில் நடந்தவை. ஒருத்தன் வேதியியல் சாருடைய பைக்கில் காற்றைப் பிடுங்கிவிட்டான். ஒருத்தி மதியம் வகுப்பை விட்டு ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது சாதாரண அடிதடி. மூன்று பேருக்கும் மன்னிப்புக் கடிதம்.

இந்த வழக்கம் இன்னும் இருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. என் காலத்துத் தலைமையாசிரியர் பால்துரை சார் ஆரம்பித்தது. "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று ஒற்றை வரி எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவார். ஒரு பக்கம் முழுக்க எழுத வேண்டும். என்ன செய்தேன், ஏன் செய்தேன், யாருக்கு என்ன வலித்தது என்று எல்லாம் வர வேண்டும். திங்கட்கிழமை காலை கொடிக்கம்பத்தடியில் நின்று மொத்தப் பள்ளிக்கும் வாசிக்க வேண்டும். அடி வாங்குவது எவ்வளவோ தேவலை என்று இருக்கும்.

நவம்பர் 6, திங்கள்

மூன்று பேரும் வாசித்தார்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள். பைக் பையனின் கடிதத்தில், ஏழு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சாரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன் என்று ஒரு வரி. வேதியியல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் இதே இடத்தில் பதினொரு தடவை நின்றிருக்கிறேன். அது அப்போதைய பள்ளிச் சாதனை. தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஒன்பது மணிக்கு ஊதும், அதற்குள் வாசித்து முடிக்க வேண்டும். செம்மண் மைதானத்தில் காலை வெயில் சாய்ந்து விழும். பத்தாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் மூன்றாவதாக செண்பகவல்லி நிற்பாள், தலையைக் குனிந்துகொண்டு. நான் வாசிக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் உதடு லேசாக அசையும். எழுதியது அவள்தானே.

பதினொன்றும் அவள் எழுதியவை. எனக்கு மட்டுமல்ல, பள்ளியில் பாதிப் பேருக்கு அவள்தான் எழுதினாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் அவள் எதிரே போய் உட்கார வேண்டும். என்ன செய்தாய் என்று கேட்கமாட்டாள். "காலைல என்ன சாப்பிட்ட?" என்றுதான் கேட்பாள். அதிலிருந்து ஆரம்பித்தால் ஆள் பொய் சொல்லமாட்டானாம். அவள் சொன்னது சரிதான். நான் சொன்னதே இல்லை.

பத்தாவது முடிக்காமலே பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். வீட்டில் என்ன கஷ்டமோ.

நவம்பர் 8, புதன்

பெரிய வில்லங்கம்.

கணக்கு டீச்சர் மங்கையர்க்கரசியை ஆசிரியைகள் கழிப்பறைக்குள் வைத்து யாரோ வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். நாற்பது நிமிடம். டீச்சருக்குச் சர்க்கரை உண்டு. உள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார். குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, நெற்றியில் மூன்று தையல்.

தாழ்ப்பாள் போட்டது பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு கௌசிகா. கேட்டதும் ஒத்துக்கொண்டாள். பெண்கள் ஹாக்கி அணியில் இவளும் கோல் கீப்பர்தான். முந்தின பாடவேளையில் டீச்சர் அவள் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "ஒங்க அம்மா பக்கத்துல தீப்பெட்டி ஒட்ட ஒரு எடம் காலியா இருக்கும், போயிப் பிடிச்சுக்கோ" என்று சொன்னாராம். அம்மா உண்மையிலேயே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள்.

நவம்பர் 9, வியாழன்

தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார். பொதுத்தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியலை இருபத்து நான்காம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். அதற்கு முன்னால் டி.சி. கொடுத்தால் வேறு எந்தப் பள்ளியும் இப்போது சேர்க்காது. இந்த வருடம் போனது போனதுதான். பிறகு இந்தப் பெண் படிக்க வருவாளா? தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போவாள்.

"ஒரு வாரம் குடுங்க டீச்சர்" என்று கேட்டேன்.

"கடிதத்தப் பாத்துட்டுச் சொல்றேன் சார். மனசுல இருந்து வந்துருந்தா எனக்குத் தெரியும்" என்றார்.

நவம்பர் 10, வெள்ளி

கௌசிகாவை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினேன். நான்தான் பேசினேன். அவள் ஆமா, இல்ல, தெரியல என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு கோல் கட்டையைக் காத்தாள். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.

வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் புக் செய்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ராஜியின் அதிரசம் இந்த வருடம் வாய்த்துவிட்டது.

நவம்பர் 14, செவ்வாய்

கௌசிகா கடிதம் கொடுத்தாள். இரண்டு தடவை படித்தேன். இப்படி ஆரம்பிக்கிறது:

"அன்று மேகம் இறங்கி வகுப்பு இருட்டாக இருந்தது. என் மனமும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னால் அது சாக்கு. தாழ்ப்பாளை இழுத்தது என் கை. மேகம் அல்ல."

கையோடு எஸ்தர் டீச்சரிடம் கொண்டுபோனேன். "பாருங்க டீச்சர், அவ மனசுல இருந்து வந்தது, இதுக்கு நான் பொறுப்பு" என்று வேறு அடித்துச் சொன்னேன். படித்துவிட்டு டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வாசிக்கட்டும், பெயர் பட்டியலில் இருக்கும் என்றார்.

மகிழ்ச்சியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நவம்பர் 15, புதன்

பூட்டுக்காரர் வந்து பீரோவைத் திறந்தார். முழுக்க மன்னிப்புக் கடிதங்கள், வருட வாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே போன வருடக் கட்டு, அடியில் 1993.

என்னுடையதைத் தேடி எடுத்தேன். பதினோராவது கடிதம். அறிவியல் ஆய்வுக்கூடத்து ஜன்னலில் மட்டையை வீசி எறிந்ததற்கு எழுதியது. "அன்று காலை நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன். அப்பாவிடம் ஓர் அடியும் வாங்கினேன்." அப்பா அடிப்பார் என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அவள் அதை எழுதிவிட்டு, "வேண்டாம்னா அடிச்சுடுறேன்" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

அவள் எழுதிய கடிதம் எல்லாமே சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கும். பழைய சோறு, நேற்றைய தோசை, ஒன்றும் இல்லை. வரிசையாகப் புரட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவன், கட்டோடு சேர்க்க என் மேஜையில் வைத்திருந்த இந்த மாதக் கடிதங்களையும் எடுத்தேன். பைக் பையன்: "அன்று மதியம் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது." பஸ் ஸ்டாண்ட் பெண்: "அன்று தூறிக்கொண்டிருந்தது." அடிதடிக்காரன்: "அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை."

கௌசிகா: "அன்று மேகம் இறங்கி."

சிரிப்பு நின்றுவிட்டது.

நவம்பர் 16, வியாழன்

மங்கையர்க்கரசி டீச்சர் வேலைக்குத் திரும்பிவிட்டார், நெற்றியில் பிளாஸ்திரியோடு. கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு எஸ்தர் டீச்சரின் மேஜையில் வைத்தார்.

"தமிழ்ல பதினோரு மார்க் வாங்குற பிள்ள எழுதுன கடிதமா இது? நம்மள நல்லா ஏமாத்துறாக டீச்சர்."

எஸ்தர் டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை நன்றாக இல்லை. நான்தானே பொறுப்பு என்று சொன்னவன்.

"யாரு எழுதிக் குடுத்தான்னு எனக்குத் தெரியணும் சார். கௌசிகாட்ட கேளுங்க. பேரச் சொன்னான்னா அவ பேரு பட்டியல்ல இருக்கும். இல்லன்னா டி.சி.தான். எழுதிக் குடுத்த ஆளையும் சும்மா விடப் போறதில்ல. மன்னிப்ப விலைக்கு வாங்குற மாதிரில இருக்கு."

இதே அறை. இதே பேச்சு. பால்துரை சார் மேஜை மட்டும் அந்தப் பக்கம் கிடந்தது.

இன்று இவ்வளவு போதும்.

நவம்பர் 17, வெள்ளி

கௌசிகாவிடம் கேட்டேன். "தெரியல" என்றாள். பேர் சொல்லாவிட்டால் டி.சி. என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் தெரியல என்றாள். வெளியே போகும்போது கதவருகில் நின்று, "அவ பாவம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு மந்திரம் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் யார் எதிரே யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தேன். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு யாழினி. வகுப்பில் முதல் மாணவி.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எதுக்கும்மா அடுத்தவுகளுக்கு எழுதிக் குடுக்கற?"

"அவங்களுக்குச் சொல்ல வராது சார். இங்க வந்து உக்காந்து அழுவாங்க. அவங்க சொல்றதத்தான் எழுதுவேன், நானா ஒண்ணும் சேக்க மாட்டேன். மேகம் மட்டும் நான் போடுவேன்."

"கௌசிகா அழுதாளா?"

"ரொம்ப சார்."

நவம்பர் 18, சனி

மறைக்காமல் எழுதுங்கள் என்றார்கள். ஆறாம் தேதி எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. செண்பகவல்லி வீட்டுக் கஷ்டத்தால் நிற்கவில்லை.

பதினோராவது கடிதத்தை வாசித்த அன்று பால்துரை சார் என்னைக் கூப்பிட்டார். "இத எழுதுனது நீ இல்ல. யாருன்னு சொல்லு. சொன்னா மாவட்ட இறுதி ஆட்டத்துல நீ நிக்கலாம். இல்லன்னா அணியில இருந்து எடுத்துருவேன்" என்றார். நான் எவ்வளவு நேரம் யோசித்தேன்? தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது நாலு சுற்று சுற்றியிருக்காது. பேரைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவளைக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினார்கள். "நான் பொய்க் கடிதம் எழுதி எல்லாரையும் கெடுத்தேன்" என்ற வரியை பால்துரை சாரே எழுதிக் கொடுத்தார். அவள் வாசித்த ஒரே கடிதம் அதுதான், அதுவும் அவள் எழுதாதது. அவள் அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் கலைவதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பள்ளி வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். நான் அன்று போட்டிருந்தது செருப்பு.

பத்தாவது பரீட்சையை அவள் எழுதவில்லை.

இறுதி ஆட்டத்தில் நின்றேன். மூன்று கோல் விட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் இப்போது தாலுகா ஆபீஸ் எதிரே மர பெஞ்சு போட்டு மனு எழுதிக் கொடுக்கிறாள். நீலக் குடை. பட்டாவுக்காகப் போன அன்று பார்த்தேன். கூட்டமெல்லாம் ஒன்றுமில்லை, நாலே பேர்தான் நின்றார்கள். அந்த ரோட்டில் நெரிசலும் கிடையாது.

நவம்பர் 20, திங்கள்

காலைக் கூட்டத்துக்கு முன்பே எஸ்தர் டீச்சரிடம் போனேன்.

"எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும் டீச்சர். சொல்ல மாட்டேன்."

"என்ன சார் பேசுறீங்க? ஒங்க வேலையே அதுதான."

"ஏமாந்தது நான். பொறுப்புன்னு சொன்னதும் நான். எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. பேர் மட்டும் வராது." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கடிதம் வேண்டாம் டீச்சர். கௌசிகா வாயால சொல்லட்டும், கணக்கு டீச்சர்ட்ட நேரா. கேட்டுட்டு அவுக என்ன சொல்றாகளோ அதுப்படி செய்வோம்."

எஸ்தர் டீச்சர் மெமோ என்றார். சரி என்றேன். மங்கையர்க்கரசி டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கௌசிகா வந்து நின்றாள். இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. மங்கையர்க்கரசி டீச்சரேதான் கேட்டார்.

"நான் உள்ள கெடந்த நாப்பது நிமிசமும் நீ எங்க இருந்த?"

"அங்கதான் டீச்சர். கதவுகிட்ட."

"நின்னு சிரிச்சியாக்கும்."

"இல்ல டீச்சர். எண்ணுனேன். நீங்க தட்டத் தட்ட எண்ணிக்கிட்டே இருந்தேன். நூத்திப் பன்னெண்டு தட்டு. நூறு ஆனதும் தெறந்துரணும்னு நெனச்சேன், பயமாயிருச்சு, தெறந்தா அடிப்பீகன்னு. பொறவு தட்டுறது நின்னு போச்சு." அங்கேதான் அவள் உடைந்தாள். "நான்தான் டீச்சர் தெறந்தேன். நீங்க கீழ கெடந்தீக. எங்க பாட்டி கெடந்த மாதிரி கெடந்தீக. நான்தான் கத்துனேன் எல்லாரும் வாங்கன்னு."

யார் கதவைத் திறந்தது என்று இத்தனை நாளும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் நடத்தையைப் பற்றிப் பேசினேனே, அதைக் கேட்டேனா?

மங்கையர்க்கரசி டீச்சர் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"நூத்திப் பன்னெண்டு வரைக்கும் தப்பில்லாம எண்ணியிருக்க. நாளையில இருந்து காலைல எட்டரைக்கு வா. நூத்திப் பன்னெண்டு கணக்குப் போட்டு முடிக்கணும். தீப்பெட்டியப் பத்திச் சொன்னது…" என்று நிறுத்தினார். "அத நான் சொல்லியிருக்கக் கூடாது. வா, கிளாசுக்கு நேரமாச்சு."

இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

நவம்பர் 21, செவ்வாய்

மெமோ வந்தது. மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். ஒப்பந்தம் தொடருமா என்பதைச் சங்கம் முடிவு செய்யும்.

சாயங்காலம் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "1993ஆம் ஆண்டு இதே பள்ளியில்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. இந்த விளக்கம் எஸ்தர் டீச்சருக்குப் போக வேண்டியதே இல்லை என்று பட்டது. அவருக்கு மூன்று வரி தனியாக எழுதி முடித்தேன்.

ராஜி காபியை வைத்துவிட்டு, "மொகம் ஏன் இப்படிக் கெடக்கு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவையாக. அவள் உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்தாள்.

"பட்டா காயிதத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள் கடைசியில்.

நவம்பர் 22, புதன்

அரை நாள் லீவு சொன்னேன். தாலுகா ஆபீஸ் ரோடு, ஏழு நிமிடம்.

நீலக் குடை. எனக்கு முன்னால் மூன்று பேர். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, வேலித் தகராறு. தலை நிமிராமல் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முன் தலையில் நரை. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது, வலது பக்கம் லேசாகச் சாய்ந்து.

என் முறை வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"என்ன மனு?" என்றாள், புதுத்தாளை அட்டையில் செருகிக்கொண்டே.

"மன்னிப்புக் கடிதம்."

"யாருக்கு எழுதணும்?"

"செண்பகவல்லிக்கு."

பேனா நின்றது. மெதுவாக நிமிர்ந்தாள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஆள் இருமினார். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. இந்தத் தடவை குனியவில்லை.

அவள் தாளைச் சரி செய்தாள். பேனாவை ஒரு தடவை உதறினாள்.

"காலைல என்ன சாப்பிட்ட?" என்றாள்.

"ஒண்ணும் சாப்பிடல" என்றேன்.

அவள் அதையே முதல் வரியாக எழுதினாள்.

நவம்பர் 24, வெள்ளி

பெயர்ப் பட்டியல் போய்விட்டது, கௌசிகா பெயரோடு. பட்டா வேலை முடியவில்லை. மறுபடி போக வேண்டும்.